ஓவர்கோட் போதும் என்று முடிவெடுத்த கொள்முதல் குழுவினருக்கு

மதிப்பிற்குரிய கொள்முதல் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

உங்கள் ஆலையில் வேலை செய்யும் பெண்களுக்காக நான் மாதிரிக்குக் கொடுத்த வேலை உடை ஒரு செட் போன வாரம் கூரியரில் திரும்பி வந்தது. கூடவே ஒரு பக்கக் கடிதம். பெண் பணியாளர்களுக்கென்று தனி அளவுப் பட்டியல் தேவையில்லை, ஆண்களுக்கு வாங்கும் சட்டை பேண்ட்டிலேயே சிறிய அளவைக் கொடுத்துக்கொள்ளலாம், பேண்ட் போட விரும்பாதவர்கள் இப்போது போலவே சுடிதாருக்கு மேல் ஓவர்கோட் அணியலாம் என்று குழு ஒருமனதாக முடிவெடுத்திருப்பதாக அதில் எழுதியிருந்தீர்கள்.

உறையை எடுத்துப் பார்த்தேன். நான் ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருந்தது. காலரில் குத்திய குண்டூசி, முழங்காலில் வைத்த மடிப்பு, சட்டைக்குள் செருகிய அளவுத் தாள் எதுவும் கலையவில்லை. ஆறு வாரம் உங்களிடம் இருந்த உடையை ஒருவரும் விரித்துப் பார்க்கவில்லை. ஒரு பெண்ணைக் கூப்பிட்டுப் போட்டுப் பார்க்கச் சொல்லவும் இல்லை. விலை அதிகம் என்று சொல்லியிருந்தால் பேசியிருப்பேன். துணியோ தையலோ சரியில்லை என்றிருந்தால் திருத்திக் கொண்டு வந்திருப்பேன். பிரித்தே பார்க்காமல் தேவையில்லை என்று சொன்னீர்கள் பாருங்கள், அதை என்னால் பேசாமல் விழுங்கிக்கொள்ள முடியவில்லை.

நான் 11 வருடமாகச் சிங்காநல்லூர்ப் பக்கம் இருசக்கர வாகனப் பட்டறை நடத்துகிறேன். இரண்டு வருடமாக, பட்டறையிலும் ஆலையிலும் கைவேலை செய்யும் பெண்களுக்கு வேலை உடை தைத்து விற்கிறேன். எனக்கு இதில் வியாபாரம் இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதனால்தான் இதையும் சொல்கிறேன்: உடையை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் வாங்குங்கள். என்னிடம் ஒரு பீஸ்கூட வாங்க வேண்டாம். ஆனால் வாங்குவது பெண்ணின் உடம்புக்கு வெட்டிய உடையாக இருக்கட்டும். அதைக் கேட்கத்தான் ஊரறிய எழுதுகிறேன்.

வேலை பழகிய நாட்களில் என் அண்ணனின் பழைய காக்கிச் சட்டையைத்தான் போட்டுக்கொள்வேன். தோள்பட்டைத் தையல் பாதிக் கை வரை இறங்கி நிற்கும். சட்டைக் கையை மூன்று மடிப்பு மடித்துவிட்டு வேலை செய்வேன். ஒருநாள் மதியம், சைலன்சர் பைப்பில் ஏறியிருந்த துருவை பெஞ்ச் கிரைண்டரில் சுழலும் கம்பி பிரஷ்ஷில் காட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். வலது கை மடிப்பு அவிழ்ந்ததை நான் கவனிக்கவில்லை. முதலில் கேட்டது மோட்டார் திணறும் சத்தம். என்ன ஏது என்று நிமிர்வதற்குள் என் கை பிரஷ்ஷோடு ஒட்டி நின்றது. சுவிட்ச் மேசையின் அந்தக் கோடியில். மாஸ்டர் ஓடி வந்து பிளக்கையே பிடுங்கினார். சட்டை நைந்த பழந்துணி என்பதால் சட்டைக் கை தோள் தையலோடு கிழிந்து வந்துவிட்டது. புதுத் துணியாக இருந்திருந்தால் கிழிந்திருக்காது, என் கைதான் போயிருக்கும். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கம்பி கீறிய கோடுகள் இன்றும் இருக்கின்றன. எண்ணினால் ஒன்பது.

மாஸ்டர் என்னைத் திட்டவில்லை. கைக்கு மருந்து வைத்துக் கட்டிவிட்டு, “அம்மிணி, உனக்குப் பொருந்துற சட்டை ஒண்ணு தச்சுட்டு வா. இல்லீன்னா நாளைக்கு வர வேண்டாம்” என்றார். வேலையை விட்டுப் போ என்று அவர் சொல்லவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. குறை சட்டையில் இருக்கிறது, என்னிடம் இல்லை என்று பார்த்தவுடன் அவருக்குத் தெரிந்தது. பெரிய படிப்பு எதுவும் படிக்காத மனிதர்.

உங்கள் ஆலைக்கு வருகிறேன். உங்கள் மெஷின் ஷாப்பிலும் மெயின்டனன்ஸிலும் வேலை செய்யும் பெண்கள் சிலரின் ஸ்கூட்டர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் சர்வீஸுக்கு வருகின்றன. சீட்டைத் தூக்கினால் அடியில் என்ன இருக்கும் தெரியுமா? ஊக்குகள் குத்திய ஓர் அட்டை, ஒரு முழம் நாடா, மாற்றுச் சுடிதார், கசங்கிய ஓவர்கோட். முதல் தடவை பார்த்தபோது ஊக்கு எதற்கு என்று கேட்டேன். நீங்கள் கொடுத்த ஆண்கள் சட்டையில் மார்புப் பக்கம் இரண்டு பட்டன்களுக்கு நடுவே வாய் பிளக்கிறதாம். உள்பக்கமாக ஊக்குக் குத்திக்கொண்டு எட்டு மணி நேரம் வேலை செய்கிறார்கள். நாடா, பேண்ட்டை இடுப்பில் கட்டுவதற்கு.

அதன் கணக்கு எளிது. அப்படி வந்த பெண்களில் ஒருவருக்கு நான் டேப் வைத்துப் பார்த்தேன். இடுப்பு 30 அங்குலம், சீட் (பின்புறத்தைச் சேர்த்து எடுக்கும் சுற்றளவு) 40, தோள் 14. ஆண்கள் பேண்ட்டில் சீட் 40 கொள்ளும் அளவை எடுத்தால் இடுப்பு 34 ஆகிவிடுகிறது, நான்கு அங்குலம் தொங்குகிறது. இடுப்புக்குச் சரியாக எடுத்தால் தொடைக்கு மேல் ஏறவே ஏறாது. சட்டையில் தோள் மூன்று அங்குலம் அகலம். கையைத் தூக்கினால் சட்டை முழுவதும் மேலே ஏறுகிறது, இறக்கினால் சட்டைக் கையின் நுனி விரலை மூடுகிறது. சிறிய அளவைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். சிறிதாக்கினால் இது சரியாகாது. பெண் உடம்பு ஆண் உடம்பின் சுருக்கிய நகல் இல்லை. வெட்டே வேறு.

இனி அந்த ஓவர்கோட். பொருந்தாத பேண்ட் வேண்டுமா, சுடிதார் மேல் கோட் வேண்டுமா என்று கேட்டால் எந்தப் பெண்ணும் கோட் என்றுதான் சொல்வாள். நானும் அப்படித்தான் சொல்வேன். அதை எடுத்துக்கொண்டு பெண்களே கோட்டைத்தான் விரும்புகிறார்கள் என்று எழுதுவது நியாயமா? கோட்டின் கீழ் விளிம்பு முழங்காலைச் சுற்றி விரிந்து நிற்கிறது. குனிந்தால் உள்ளே செருகிய துப்பட்டாவின் நுனி வெளியே வருகிறது. டிரில்லிங் மெஷினும் லேத் சக்கும் சுற்றும் இடத்தில் இத்தனை நுனிகளோடு ஓர் ஆளை நிறுத்தலாமா? வெல்டிங் பக்கம் இன்னொரு ஆபத்து. கடையில் மலிவாகக் கிடைக்கும் சுடிதார் துணிகளில் பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்திருக்கும். பொறி விழுந்தால் பருத்தி கருகும். பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், உரித்தால் தோலும் சேர்ந்து வரும். தீக்காயத்தில் இரண்டும் ஒன்றில்லை.

சட்டையும் பேண்ட்டும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்த பாய்லர் சூட் சிலருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அதைப் பற்றி வெளியில் பேச உங்கள் பெண்கள் கூச்சப்படுகிறார்கள், நான் பேசுகிறேன். அதைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் சிறுநீர் கழிக்க வேண்டுமென்றால் கழுத்திலிருந்து கணுக்கால் வரை கழற்ற வேண்டும். கழற்றிய மேல்பாதியை ஈரத் தரையில் படாமல் ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். மாதவிலக்கு நாட்களில் என்ன பாடு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். நீர்க்கடுப்புக்கு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே ஷிஃப்டுக்கு வரும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அவர் யார் என்று தயவுசெய்து தேட வேண்டாம்.

தொளதொளத்த துணி ஆளைக் கொல்லும் என்பது இந்த நாட்டுச் சட்டத்துக்கு 1948லேயே தெரியும். அந்த ஆண்டில் வந்து 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த தொழிற்சாலைச் சட்டத்தின் 22ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். ஓடும் இயந்திரத்தைச் சோதிக்கவோ அதற்கு எண்ணெய் போடவோ வேண்டிவந்தால், தனிப் பயிற்சி பெற்ற வயதுவந்த ஆண், உடம்போடு ஒட்டிய உடை அணிந்துதான் செய்ய வேண்டும், அந்த உடையை ஆலைக்காரர் கொடுக்க வேண்டும் என்றது. அதே பிரிவு, ஓடும் இயந்திரத்தைத் துடைக்கவும் எண்ணெய் போடவும் பெண்ணை விடவே கூடாது என்றது. ஒரே ஆபத்துக்கு ஆணுக்கு உடை கொடுத்தார்கள், பெண்ணை வெளியே நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாக வந்த, நாடாளுமன்றம் 2020இல் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, எல்லா நிறுவனங்களிலும் எல்லா வகை வேலைக்கும் அமர்த்தப்படப் பெண்களுக்கு உரிமை உண்டு என்கிறது. கதவைத் திறந்தாகிவிட்டது. உடை மட்டும் இன்னும் அந்த 1948 ஆணுக்கானதாகவே இருக்கிறது.

இந்தியாவின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று மேடைக்கு மேடை பெருமையாகச் சொல்கிறோம். 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளிப் பக்கம் முழுக்கப் பெண்களே நடத்தும் மின்ஸ்கூட்டர் ஆலை என்று அறிவிப்பு வந்தபோது நானும் அந்தச் செய்தியை வெட்டிப் பட்டறைச் சுவரில் ஒட்டினேன். அந்தப் பெருமைக்கு உரியவர்கள் இடுப்பில் நாடா கட்டிக்கொண்டு வேலை செய்யக் கூடாது. அமெரிக்காவில் கட்டுமான வேலைக்காரர்களுக்குக் கொடுக்கும் பாதுகாப்பு உடை, கவசம் எல்லாம் அவரவர் உடம்புக்குப் பொருந்த வேண்டும் என்று விதியிலேயே எழுதிவிட்டார்கள். 2025 ஜனவரி 13 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கொடுத்தேன் என்றால் போதாது, பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் இன்னொரு வரி. பெண்களுக்கான தொழில் உடைக்கு ஏற்கப்பட்ட அளவுப் பட்டியல் ஏதும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இதில் பாதி உண்மை. நாம் கடையில் வாங்கும் உடைகளின் அளவுகள் வெளிநாட்டு அளவுகளைப் பார்த்து எடுத்தவைதான். நமக்கென்று ஒரு பட்டியல் வேண்டும் என்றுதான் நிஃப்ட் என்ற தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம் ஆறு நகரங்களில் 25,000 பேருக்கு மேல் ஸ்கேனர் வைத்து அளவெடுக்கும் வேலையில் இறங்கியது. ஆனால் பட்டியல் இல்லை என்பது அளவெடுக்காமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது. அளவெடுக்க ஓர் அங்குல டேப் போதும். நான் எடுத்தேன்.

ஒரு வருட ஞாயிற்றுக்கிழமைகளில் 63 பெண்களுக்கு அளவெடுத்தேன். லேத்தில் நிற்பவர்கள், வெல்டர்கள், மோட்டார் காயில் சுற்றுபவர்கள், பெட்ரோல் பங்கில் வேலை செய்பவர்கள், பஞ்சர் ஒட்டும் ஓர் அக்கா. நின்றபடி ஓர் அளவு, குத்த வைத்து உட்கார்ந்து ஓர் அளவு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஓர் அளவு. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு திருப்பூரில் கூலிக்குப் பேண்ட் தைத்துக் கொடுக்கும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டுக்குப் போனேன். அதற்கு முன் ஏறி இறங்கிய யூனிட்டுகளில் ஒரு கலருக்கு 300 பீஸுக்குக் குறைந்தால் பேசவே மாட்டேன் என்றார்கள். உலகத்துப் பெண்களுக்கெல்லாம் உடை போகும் ஊர் அது. அங்கிருந்து என் பட்டறைக்கு அதுவரை வந்தது கை துடைக்கும் பனியன் வேஸ்ட் மட்டும்தான்.

இந்த யூனிட்டின் கட்டிங் மாஸ்டர் 30 வருடம் பேண்ட் வெட்டியவர். முதல் சாம்பிளைப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் நின்றேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். “மாஸ்டர், நான் நின்னுக்கிட்டு வேலை செய்யறதில்லைங்க” என்று சொல்லிவிட்டு, வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்வது போல அவருடைய கட்டிங் டேபிள் காலுக்குப் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்தேன். பின் இடுப்பு மூன்று விரல் இறங்கியது, முழங்காலில் துணி விறைத்தது. ஒரு நிமிடம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாக்பீஸை எடுத்துக்கொண்டு அவரும் தரையில் உட்கார்ந்து, பேண்ட்டின் மேலேயே கோடு போட ஆரம்பித்தார். பின்பக்கத்தை ஒன்றரை அங்குலம் ஏற்றினார். கவட்டில் வைர வடிவத்தில் ஒரு துண்டு கொடுத்தார். முழங்காலில் இரண்டு பிளீட். அந்த மாதிரி ஐந்து சாம்பிள் ஆனது. ஐந்தாவதைப் போட்டுக்கொண்டு ஒரு கிளட்ச் பிளேட் மாற்றும் வேலையை முழுவதும் செய்தேன். ஒரு தடவைகூடப் பேண்ட்டை இழுத்து விட்டுக்கொள்ளவில்லை. வேலை முடிந்த பிறகுதான் அது எனக்கே உறைத்தது. அத்தனை வருடமும் ஒரு கையை உடைக்கென்று ஒதுக்கி வைத்திருந்திருக்கிறேன்.

நீங்கள் பிரிக்காமல் அனுப்பிய உறைக்குள் இருப்பது அந்த உடைதான். 240 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 240 கிராம் எடையுள்ள கெட்டியான பருத்தி ட்ரில் துணி, கருநீலம். இரண்டு துண்டு, அதனால் கழிப்பறைக்குப் போக மேல் சட்டையைத் தொட வேண்டியதில்லை. சட்டை தொடையின் பாதி வரை வரும், அடியில் விரியாது. வீட்டில் பேண்ட் போட்டால் முகம் சுளிக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று பல பெண்கள் சொன்னதால் அந்த நீளம் வைத்தேன். பட்டன்கள் பட்டிக்குள் மறைந்திருக்கும், கை நுனி பிரஸ் பட்டனில் மணிக்கட்டோடு பிடித்துக்கொள்ளும். மார்பில் பாக்கெட் இல்லை. பாக்கெட்டைத் தொடையில் வைத்து, அதற்குள் நாப்கின் வைக்க ஓர் உள்ளறை. விலை 1,380 ரூபாய். ஆடைக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டினாலே 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம்தான். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது இவை.

முதலில், அந்த முடிவைத் திரும்பப் பெறுங்கள். அடுத்த கொள்முதல் ஆவணத்தில் பெண்களுக்கான வெட்டும் அளவுப் பட்டியலும் தனியாக இருக்க வேண்டும். பருத்தித் துணி, இரண்டு துண்டு, நுனி இறுக்கிய கை என்று எழுத்தில் இருக்க வேண்டும். எழுத்தில் இல்லாவிட்டால் விலை குறைத்துக் கேட்பவர் மறுபடியும் ஆண்கள் சட்டையையே கொண்டு வந்து இறக்குவார்.

எந்த மாதிரியை எடுத்தாலும், மெஷின் ஷாப்பில் நிற்கும் பெண்களிடம் கொடுத்து ஒரு வாரம் முழு ஷிஃப்டும் போட்டு வேலை செய்யச் சொல்லிவிட்டு முடிவெடுங்கள். உங்கள் குழுவில் ஏழு பேர் இருந்ததைப் பார்த்தேன், ஒருவர்கூடப் பெண் இல்லை. அந்த உடையைப் போடப்போகும் பெண்கள் இரண்டு பேராவது வாக்குரிமையோடு குழுவில் இருக்க வேண்டும். சூப்பர்வைசர் வேண்டாம், மெஷினில் நிற்பவர்களாக இருக்கட்டும்.

சேஃப்டி ஷூவையும் கையுறையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். உங்கள் ஸ்டோரில் ஷூ 6ஆம் நம்பரில் தொடங்குகிறது. 4ஆம் நம்பர் கால்காரர்கள் இரண்டு சாக்ஸ் போட்டு, முன்னால் துணி திணித்து நடக்கிறார்கள்.

கிரைண்டர், லேத், டிரில்லிங் பக்கம் ஓவர்கோட்டையும் துப்பட்டாவையும் இன்றே நிறுத்துங்கள். ஆனால் உடை வரும்வரை என்று சொல்லி அந்தப் பெண்களைப் பேக்கிங்குக்கு மாற்றிவிடாதீர்கள். பழகிய வேலையும் அதற்குரிய சம்பளமும் அவர்களிடமே இருக்கட்டும். அதுவரை அவரவர் அளவுக்குத் தைத்துக்கொள்ளும் கூலியையும் துணியையும் ஆலை கொடுக்கட்டும். உள்ளூர்த் தையல்காரரிடம் கொடுத்தால் ஒரு வாரத்தில் முடியும் வேலை.

துணி மாட்டி, காயம் படாமல் தப்பிய சம்பவங்களையும் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதியவர்களுக்கும் என்னிடம் பேசியவர்களுக்கும் எந்தத் தொந்தரவும் வராது என்று நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டுங்கள். இந்த மடலில் உள்ளவற்றுக்கு நான் ஒருத்தியே பொறுப்பு.

30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன்.

63 பெண்களின் அளவு நோட்டும், ஐந்து அளவுகளுக்கு வெட்டிய பேட்டர்ன் காகிதங்களும் பட்டறையில் சுருட்டி வைத்திருக்கிறேன். வேறு யாரிடம் தைக்கக் கொடுத்தாலும் அவை உங்களுக்குப் பயன்படும். பணம் வேண்டாம். செவ்வாய்க்கிழமை மட்டும் பட்டறை விடுமுறை, மற்ற நாட்களில் ஆள் அனுப்புங்கள், கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
இருசக்கர வாகன மெக்கானிக்,
சிங்காநல்லூர், கோயம்புத்தூர்